ஏற்கெனவே குறைத்திருந்தால்

அண்ணன் கடைசியாகக் கேட்ட கேள்வி ஒரு குளியலறை ஜன்னலைப் பற்றியது. காலை எட்டரை மணி இருக்கும். நான் வேலைக்குப் போக மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். கீழே கடையில் அவர் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, ஒரு கையில் டீயும் மறு கையில் பென்சிலுமாக நின்றார். "அது ஃப்ரேம் அளவா, கண்ணாடி அளவா?" என்றார். அந்தப் பக்கம் இருந்தவருக்குப் புரியவில்லை போலும். "குறைச்சுச் சொல்றீங்களா, குறைக்காமச் சொல்றீங்களா? அதைத்தான் கேக்கறேன்" என்றார். பிறகு தெருக்கோடியில் வானத்தைப் பார்த்துவிட்டு, குடை எடுத்துக்கொள் என்று எனக்குச் சைகை காட்டினார். திரும்பவும் மாடி ஏறச் சோம்பல்பட்டு அப்படியே போய்விட்டேன். மழை வரவில்லை.

அந்தக் கேள்வியை அவர் ஒரு நாளைக்கு இருபது தடவை கேட்பார். மரச்சட்டத்துக்குள் கண்ணாடி இறுகிப் போய் உட்காரக் கூடாது. ஈரத்தில் மரம் ஊதும், கண்ணாடி வெடித்துவிடும். அதனால் சட்டத்தை விட இரண்டு மில்லி குறைவாக வெட்டுவார்கள். ஆனால் தச்சர் ஏற்கெனவே இரண்டு மில்லி குறைத்து அளவு கொடுத்திருந்து, அது தெரியாமல் கண்ணாடிக்காரரும் குறைத்துவிட்டால், கண்ணாடி சட்டத்தில் நிற்காது. அப்படி வீணானதெல்லாம் கடைக்குப் பின்னால் ஒரு மூலையில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். ரொம்ப நாளைக்கு முன் அண்ணனே ஒரு கண்ணாடித் துண்டில் சிவப்புப் பெயிண்டால் எழுதி, கடை வாசலில் மாட்டினார்: 'அளவில் ஏற்கெனவே குறைத்திருந்தால் முதலில் சொல்லவும'. கடைசி எழுத்துக்குப் புள்ளி வைக்க மறந்துவிட்டார். நான் சொன்னபோது, "நீதான் படிச்சுட்டியே பாப்பா, அப்புறம் என்ன?" என்றார்.

எனக்கு நாற்பத்தாறு வயதாகியும் அந்த வீட்டில் நான் பாப்பாதான். கல்யாணமான இரண்டாம் வருஷமே பெட்டியோடு திரும்பி வந்தவளை அண்ணனும் அண்ணியும் ஒரு வார்த்தை கேட்காமல் மாடியில் பின்னறையைக் கொடுத்து வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. எனக்குப் பத்திர அலுவலகத்தில் வேலை. மூலப் பத்திரத்தை ஒருவர் சத்தமாகப் படிப்பார். நகலில் நான் விரலை வைத்துக்கொண்டே போவேன். மூலத்தில் எழுத்துப்பிழை இருந்தால் நகலிலும் அதே பிழை இருக்க வேண்டும். திருத்தும் உரிமை எனக்குக் கிடையாது. கடைசியில் 'மூலத்துடன் ஒப்பிடப்பட்டது, சரி' என்று முத்திரை குத்துவேன். இருபது வருஷமாக அதையே செய்வதில் ஒரு கர்வமும் எனக்கு வந்துவிட்டது.

அண்ணனுக்கு இடது கண் பத்தொன்பது வயதிலேயே போய்விட்டது. பட்டறையில் தெறித்த சில்லு. மிச்சமிருந்த கண்ணை வருஷா வருஷம் காட்டப் போன ஆஸ்பத்திரியில்தான் அண்ணியைப் பார்த்தார். அண்ணி அங்கே அளவு அறையில் வேலை பார்த்தார். "ஒரு கண்ணு போய் ரெண்டு கண்ணு வந்துச்சு மாஸ்டருக்கு" என்று பட்டி சொல்வார். பட்டி என்பது கடையில் அண்ணனோடு இருபத்தைந்து வருஷமாக வேலை செய்தவர். சட்டத்தின் ஓரத்தில் கண்ணாடி ஆடாமலிருக்கப் பட்டி பூசுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது என்பதால் வந்த பெயர். நகக்கண்ணில் எப்போதும் வெள்ளையாக ஒட்டியிருக்கும்.

அண்ணியின் வேலையை எங்களுக்கு அவர் ரொட்டி வெட்டிக்கொண்டே விளக்கிச் சொல்லியிருக்கிறார். கண்புரையை எடுத்துவிட்டு உள்ளே ஒரு லென்ஸ் வைக்கிறார்கள். எந்த நம்பர் லென்ஸ் என்பது, கண்ணின் முன்பக்கத்திலிருந்து பின்சுவர் வரை எத்தனை நீளம் என்பதைப் பொறுத்தது. அந்த நீளத்தை அளப்பதுதான் அண்ணியின் வேலை. மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, பேனா மாதிரி ஒரு கருவியின் நுனியைக் கருவிழி மேல் மெல்லத் தொட வைப்பார். அது உள்ளே ஒலியை அனுப்பும். ஒலி பின்சுவரில் பட்டுத் திரும்பி வரும் நேரத்தை வைத்து மெஷின் நீளத்தைச் சொல்லும். ஆஸ்பத்திரியில் அதன் பெயரே பேனாதான்.

"இருபது வயசுக்கு மேல மனுஷனுக்கு எல்லாம் மாறும் பாப்பா. பல்லு போகும், முடி போகும், புத்தி போகும். கண்ணோட நீளம் மட்டும் அப்படியே இருக்கும்" என்பார்.

"புத்தி போகும்னு யாரைப் பாத்துச் சொல்ற?" என்பார் அண்ணன்.

அப்போதெல்லாம் அந்த வீட்டில் பேச்சு இப்படித்தான் இருந்தது.

பிறகு ஆஸ்பத்திரிக்குப் புது மெஷின் வந்தது. அது கண்ணைத் தொடாது. தாடையை ஒரு தாங்கியில் வைத்து, உள்ளே தெரியும் சிவப்பு விளக்கைப் பார்த்தால் போதும், ஒளியாலேயே அளந்துவிடும். சொட்டு மருந்து வேண்டாம், கைப் பக்குவம் வேண்டாம், யார் பொத்தானை அழுத்தினாலும் ஒரே எண். பெரிய டாக்டர் அதை உடனே நம்பிவிடவில்லை. நான்கு மாதம், வருகிற ஒவ்வொரு கண்ணையும் இரண்டிலும் அளந்து ஒப்பிட்டுப் பார்ப்போம் என்றார். முதலில் அண்ணி பேனாவால் அளப்பார். அடுத்த அறையில் இரண்டு சின்னப் பெண்கள் புது மெஷினில் அளப்பார்கள். ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது. சாயங்காலம் டாக்டர் இரண்டையும் கணினியில் ஏற்றுவார்.

ஒப்பிடுகிற வேலை என்பதால் எனக்கு அதில் ஆர்வம் வந்துவிட்டது. தினமும் கேட்பேன். அண்ணியும் முதலில் உற்சாகமாகச் சொன்னார். இரண்டாவது மாதம் சொல்வதை நிறுத்திக்கொண்டார்.

நான்காவது மாதம் டாக்டர் ஒரு வரைபடத்தை அளவு அறைச் சுவரில் ஒட்டினார். இருநூற்றுப் பன்னிரண்டு கண்கள், இருநூற்றுப் பன்னிரண்டு புள்ளிகள். நடுவில் ஒரு கோடு. இரண்டு மெஷினும் ஒத்துப்போனால் புள்ளி கோட்டின் மேல் விழும். அண்ணியின் புள்ளிகள் எல்லாம் கோட்டுக்குக் கீழே, ஒரே தூரத்தில், வரிசை கட்டி நின்றன. சராசரியாக அரை மில்லிக்குக் கொஞ்சம் குறைவு, பாயிண்ட் நாலு. அதாவது அண்ணியின் கை ஒவ்வொரு கண்ணையும் அந்த அளவுக்கு அமுக்கியிருக்கிறது. கண் தண்ணீர் நிறைந்த பந்து. அமுக்கினால் நீளம் குறையும். குறைத்து அளந்தால் லென்ஸ் நம்பர் கூடிப் போகும், ஆளுக்குத் தூரப் பார்வை மங்கும். பாயிண்ட் நாலுக்கு ஒரு நம்பர் வித்தியாசம்.

டாக்டர் ஒன்றும் திட்டவில்லை. எல்லா இடத்திலும் பேனாவில் கொஞ்சம் இப்படி வரும், உங்களுக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான் என்றாராம். ஆனால் அடுத்த அறைப் பெண்கள் அண்ணிக்கு 'அமுக்கி அக்கா' என்று பெயர் வைத்தார்கள். இருபத்தோரு வருஷம், எத்தனை ஆயிரம் கண். அண்ணி அதை வீட்டில் ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னார். சொல்லும்போதே சிரித்தார். அண்ணனும் சிரித்தார். பெயரை மறக்கவில்லை.

ஏழு வருஷமாகத் தள்ளிப்போட்ட அண்ணனின் புரை அந்த வருஷம்தான் முற்றி, கருவிழிக்குள் பால் ஊற்றினாற்போல் வெளுத்துவிட்டது. டேப்பின் கோடுகளைப் பட்டி படித்துச் சொல்ல, இவர் கை பழக்கத்தில் வெட்டினார். இருப்பது ஒரு கண். அதனால் பயம். பயத்தை மறைக்க அதட்டல். கடைசியில் டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கையெட்டும் தூரத்தில் டேப் தெரிய வேண்டும், மூக்குக் கண்ணாடி இல்லாமல். தூரத்தில் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை.

"நான் கண்ணாடி வெட்டறவன் சார், போடறவன் இல்ல" என்றார். டாக்டருக்குச் சிரிப்பு. அப்படியே லென்ஸ் வைத்துவிடலாம் என்று எழுதிக்கொண்டார்.

புது மெஷினில் உட்கார வைத்தார்கள். அவ்வளவு வெளுத்த புரையில் ஒளி உள்ளே போகவில்லை. மூன்று தடவை முயன்றும் திரையில் எண்ணுக்குப் பதில் கோடு கோடாகவே வந்தது. பேனாவைத் தவிர வழியில்லை. பேனா பிடிக்கத் தெரிந்தது அண்ணி ஒருத்திக்குத்தான். என் வீட்டுக்காரர் கண்ணை நானே அளக்க வேண்டாமே என்று அண்ணி தயங்கியிருக்கிறார். "நீங்க அளங்க, மிச்சத்தைக் கணக்குல நான் பாத்துக்கறேன்" என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

நான் அன்று கூட இருந்தேன். அண்ணன் சாய்ந்து உட்கார்ந்து, அறையின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி கையை அவர் நெற்றியில் ஊன்றி, பேனா நுனியைக் கொண்டுபோனார். மூச்சு விடுகிறாரா என்றே தெரியவில்லை. அவ்வளவு மெதுவாக ஒரு கை ஒன்றைத் தொட்டு நான் பார்த்ததில்லை. "தொட்டுட்டியா?" என்று அண்ணன் கேட்டார். "எப்பவோ தொட்டாச்சு" என்றார் அண்ணி. மெஷின் ஒரு சின்னச் சீட்டைத் துப்பியது.

அறுவை ஒரு குறையுமில்லாமல் முடிந்தது. மறுநாள் கட்டுப் பிரித்ததும் அண்ணன் ஜன்னல் வழியே பார்த்து, எதிர்க்கட்டிடத்துத் தண்ணீர்த் தொட்டியில் எழுதியிருந்த எண்ணைப் படித்தார். அதற்கும் பின்னால் ஒரு கோபுரத்தின் உச்சியில் ஆள் ஏறிக்கொண்டிருப்பதைச் சொன்னார். நர்ஸ்கள் கைதட்டினார்கள். அவர் சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்து, சர்ரென்று இழுத்து, கையை மடக்கிப் பார்த்தார். பிறகு நீட்டிப் பார்த்தார். இன்னும் நீட்டினார். கைக்கு அதற்கு மேல் நீளமில்லை.

"கோடு எங்க?" என்றார்.

கொஞ்ச நாள் ஆகும் என்றார்கள். ஆறு வாரம் ஆனது. புரை போய்விட்டதால் இப்போது புது மெஷினில் அளக்க முடிந்தது. டாக்டர் அந்த எண்ணைக் கோப்பில் ஒட்டி, நெடுநேரம் பார்த்துவிட்டு மூடினார். உங்கள் வயதில் இந்தத் தூரப் பார்வை பெரிய விஷயம் என்றார். படிக்க மட்டும் ஒரு கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், எல்லாரும் போடுவதுதானே.

"நான் கேட்டது கிட்டப் பார்வை. குடுத்தது எட்டப் பார்வை. ஏன்?" என்றார் அண்ணன்.

"பேனா வெச்சு எடுத்தா முன்னப் பின்ன ஆகும். கை வாகுதான்."

அண்ணி பக்கத்தில்தான் நின்றார். டாக்டர் அவரைப் பார்க்கவில்லை. அண்ணன் பார்த்தார்.

அன்று வீட்டுக்கு வரும் வழியிலேயே தொடங்கியது. பஸ்ஸில் இடம் விட்டு உட்கார்ந்த அண்ணியை, "இன்னும் கொஞ்சம் அமுக்கி உக்காரு, உனக்குப் பழக்கம்தானே" என்றார். கடைக்கு வந்தவர்களிடம், இது என் சம்சாரம், கண் அமுக்குவதில் இவளை மிஞ்ச ஆள் இல்லை என்று அறிமுகம் செய்தார். அவர்கள் ஏதோ வைத்தியம் என்று நினைத்து, எனக்கும் கண் வலிக்கிறது என்று அண்ணியிடம் கேட்டார்கள். சாப்பிடும்போது டேப்பை எடுத்து ரொட்டித் துண்டின் மேல் வைத்து, எவ்வளவு என்று படிக்கச் சொல்வார். அண்ணி படிப்பார். பட்டியைக் கூப்பிட்டுச் சரிபார்க்கச் சொல்வார். பட்டி தலையைக் குனிந்துகொண்டு, "அண்ணி சொன்னதுதான் மாஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிவிடுவார். ஆனால் கடையில் டிராயருக்குள் அந்தப் படிக்கும் கண்ணாடியை வைத்திருந்தார் அண்ணன். வெட்டும்போது போட்டுக்கொள்வார். மாடிப்படியில் காலடி கேட்டால் கழற்றிவிடுவார். நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். அதனால் இதெல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அண்ணி அவித்த முட்டைகளை உரித்து வைத்தார். அண்ணன் ஒன்றை எடுத்து அண்ணி முன்னால் தட்டில் நிறுத்தினார். ஒரு தீக்குச்சியைக் கையில் கொடுத்தார்.

"இதான் என் கண்ணு. நீ எப்படித் தொட்டேன்னு காட்டு."

"விடுங்க. ஆறிடும், சாப்பிடுங்க."

"காட்டு. பாப்பாவும் பாக்கட்டும்."

அண்ணி தீக்குச்சியைப் பிடித்தார். அளவு அறையில் பேனா பிடித்த அதே விரல்கள். குச்சியின் நுனி முட்டையில் பட்டு வழுக்கி, உள்ளே இறங்கிவிட்டது. மஞ்சள் எட்டிப்பார்த்தது.

"பாத்தியா" என்றார் அண்ணன் என்னிடம்.

நான் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று பின்னால் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். சிரிக்கிற மாதிரிதான் இருந்தது, அவ்வளவுதான். அண்ணி அந்த முட்டையை எடுத்து, குச்சியை உருவிப் போட்டுவிட்டுத் தானே சாப்பிட்டார்.

அந்த வாரம் ஒரு மத்தியானம், துணி மடித்துக்கொண்டிருந்தபோது அண்ணி என்னிடம் சொன்னார். அவர் குரல் தணிந்து, வேறு யாரோ செய்ததைச் சொல்வதுபோல் இருந்தது.

"நான் அமுக்கல பாப்பா. அமுக்கியிருந்தா அவருக்குக் கிட்டப் பார்வை இன்னும் ஜோராத் தெரிஞ்சிருக்கும். இது எதிர்ப்பக்கமாப் போயிருக்கு."

"அப்போ?"

"கூட்டி எழுதிட்டேன்."

சுவரில் அந்த வரைபடம் ஒட்டிய நாளிலிருந்து அண்ணி தன் கையை நம்பவில்லை. இரண்டு மாதம் முட்டைக்கோஸ் இலை மேலும், தன் கன்னத்தின் மேலும் பேனாவைத் தொட்டுத் தொட்டுப் பழகியிருக்கிறார். இருந்தும் பயம் போகவில்லை. யாருக்கும் தெரியாமல், தான் அளந்ததோடு பாயிண்ட் நாலு கூட்டி எழுத ஆரம்பித்தார். கோட்டுக்குக் கீழே இனி ஒரு புள்ளியும் விழக் கூடாது என்று. அண்ணனுக்கும் அப்படியே கூட்டி எழுதினார்.

"ஆனா அது ஒரு நம்பருக்குத்தான் கணக்கு வரும். அவருக்கு ரெண்டு நம்பர் தள்ளிப் போயிருக்கு. மிச்சம் ஒண்ணு எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்கே புரியல. இதுவும் என் கைதான் போல, வேற எதுவோ பண்ணியிருக்கு" என்றார். பிறகு, "அவர்கிட்ட நானே சொல்றேன். கொஞ்ச நாள் போகட்டும். நீ சொல்லிடாத" என்றார்.

நான் சரி என்றேன். இரண்டு நாள் பொறுத்தேன். அமுக்கினார் என்றால் கைப்பிசகு. அளந்தது ஒன்று, எழுதியது ஒன்று என்றால்? என் அலுவலகத்தில் அதற்கு வேறு பெயர். மூலத்தை மாற்றி எழுதியவரோடு ஒரே மேஜையில் சாப்பிடுகிறோம் என்பதே எனக்குத் தாங்கவில்லை. நியாயம் என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னேன். கடையில், பட்டி டீ குடிக்கப் போயிருந்தபோது, அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அளந்துகொண்டிருந்தபோது.

அவர் சத்தம் போடவில்லை. கையிலிருந்த, கண்ணாடி வெட்டும் வைர முனையை மேஜையில் வைத்தார். "எத்தனை கூட்டினா?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். மாடிக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். அண்ணி சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் அந்தக் கண்ணாடியை அவர் மடியிலிருந்த தையல் பெட்டிக்குள் போட்டார்.

"இது ரெண்டு நம்பர். இதையும் கூட்டி வெச்சுக்கோ" என்றார். "இனிமே உன் நம்பர் எதுவும் என் மூஞ்சியில ஏறாது."

அண்ணி என்னைத்தான் பார்த்தார். அழவில்லை. பெட்டியை மூடினார்.

அதற்குப் பிறகு பதினோரு நாள். அண்ணன் அண்ணியிடம் ஒரு சொல் பேசவில்லை. என்னிடம் சாதாரணமாகப் பேசினார், அது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. கடையில் மறுபடியும் பட்டிதான் டேப்பைப் படித்துச் சொன்னார். கண்ணாடியை எடுத்துக்கொடுங்கள் என்று பட்டி அண்ணியிடம் கேட்டு வந்தும் பார்த்தார், அண்ணியும் கொடுத்தனுப்பினார். அண்ணன் அதை அப்படியே திருப்பி அனுப்பினார். மூன்று தடவை அந்தக் கண்ணாடி படி இறங்கிப் படி ஏறியது.

பன்னிரண்டாவது நாள்தான் அந்தக் குளியலறை ஜன்னல். போனை வைத்ததும் அடுக்கிலிருந்து பெரிய கண்ணாடித் தாள் ஒன்றை இறக்கப் போயிருக்கிறார்கள். ஆறு மில்லி தடிமன், ஆள் உயரத்துக்கும் மேலே. இறக்குமுன் அண்ணன் எப்போதும் முகத்தை ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுபோய் ஓரம் முழுக்கப் பார்ப்பார். மயிரிழை விரிசல் இருந்தால் அந்தத் தாளைத் தொட மாட்டார். அன்றும் பார்த்திருக்கிறார். "பாத்தீங்களா மாஸ்டர்?" என்று பட்டி மறுமுனையிலிருந்து கேட்டிருக்கிறார். "பாத்தாச்சு, தூக்கு" என்றாராம். தோள் மட்டத்துக்கு வந்ததும் தாள் இரண்டாகப் போனது. மேல் பாதி இறங்கிய இடம் அண்ணனின் கழுத்து. பட்டி சட்டையைக் கழற்றி அழுத்திப் பிடித்துக்கொண்டே கத்தியிருக்கிறார். அண்ணி மாடியிலிருந்து இறங்கி வந்து, பட்டியின் கையை விலக்கித் தன் கையை வைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை அமுக்கிக்கொண்டிருந்தார். வந்தவர்கள் எடுக்கச் சொன்ன பிறகும் எடுக்கவில்லை.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. ஒரு மேஜையருகே உட்கார்ந்து அண்ணி படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார். இறந்தவர் பெயர், வயது, அடையாளம். முழங்கை வரை ரத்தம் காய்ந்திருந்தது. வயது என்ற இடத்தில் பேனா நின்றது, ஐம்பத்தேழா எட்டா என்று யோசித்தார் போலும்.

"இதுலயாவது உள்ளதை எழுதுங்க அண்ணி" என்றேன்.

அவர் ஐம்பத்தேழு என்று எழுதினார். சரியாகத்தான் எழுதினார்.

வேலையிடத்தில் நடந்த சாவு என்பதால் விசாரணை வந்தது. கண் சரியாகத் தெரிந்த ஆளா என்று அதிகாரி கேட்டார். கண் ஆஸ்பத்திரிக் கோப்பின் நகல் வேண்டும், மூலத்துடன் ஒப்பிட்டு முத்திரை வைத்து. நகல் ஒப்பிடும் வேலை என்பதால் அது என் அலுவலகத்துக்கே வந்தது. வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம். நானே போனேன்.

ஆவண அறையில் ஒரு பழைய மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வரி வரியாக விரல் வைத்துப் பார்த்தேன். அண்ணியின் கையெழுத்தில், மையில்: கண்ணின் நீளம் 23.50. அதற்குப் பக்கத்தில் டாக்டரின் பச்சை மையில்: கை அழுத்தத்துக்காக +0.40. கீழே அவரே போட்ட கூட்டல்: 23.90. அந்த எண்ணுக்குத்தான் லென்ஸ் தேர்ந்திருக்கிறார்கள். அடுத்த பக்கத்தில், ஆறு வாரம் கழித்து எடுத்த புது மெஷின் தாள்: 23.12. பேனா மெஷின் துப்பிய சின்னச் சீட்டு வெளுத்து ஒன்றுமில்லாமல் போயிருந்தது. ஆனால் அதன் பின்பக்கத்தில் அண்ணி பென்சிலால் சின்னதாக எழுதி வைத்திருந்தார், கூட்டுவதற்கு முன்னால் உள்ளது: 23.10.

நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அண்ணியின் கை அன்று அமுக்கவே இல்லை. ஒளியால் அளக்கும் மெஷினும் அவர் கையும் ஒரே எண்ணைச் சொல்லியிருக்கின்றன. கை தன்னைத் திருத்திக்கொண்டுவிட்டது. அது தெரியாமல் அண்ணி ஒருமுறை திருத்தினார். அது தெரியாமல் டாக்டர் இன்னொரு முறை திருத்தினார்.

டாக்டரைப் போய்ப் பார்த்தேன். மறைக்கவில்லை, ஆனால் நாற்காலியில் உட்காரவும் சொல்லவில்லை. பேனாவில் மட்டும் அளந்த கண்ணுக்கெல்லாம் தான் அப்படிக் கூட்டுவது வழக்கமாகிவிட்டது என்றார். "அவங்களும் கூட்டியிருப்பாங்கன்னு நான் எப்படிம்மா நெனைக்க முடியும்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றார். நீங்கள் சொன்னீர்களா என்று கேட்டேன். கணக்கில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேனே என்றார். பிறகு, மூக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்திருந்ததை நகலில் விடாமல் சேர்த்துவிடுங்கள் என்றார்.

எல்லாவற்றையும் சேர்த்தேன். பென்சில் எழுத்தையும் நகலில் காட்டினேன். முத்திரை குத்தினேன். விசாரணை ஒரே வரியில் முடிந்தது: இறந்தவருக்குத் தூரப் பார்வை நன்றாக இருந்தது, கொடுத்த கண்ணாடியை அவர் அணியவில்லை.

அண்ணி அதற்குள் ஆஸ்பத்திரி வேலையை விட்டிருந்தார். பேனாவும் இப்போது அங்கே பெட்டிக்குள் போய்விட்டதாகச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்றே படியேறினேன். அவர் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தார். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், நான்கு எண்களையும், வரிசையாக. உங்கள் கை சரியாகத்தான் அளந்தது அண்ணி என்றேன். அது அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

"பென்சில்ல எழுதினது அழியலையா?"

"இல்லை."

"இருபத்திமூணு பாயிண்ட் ஒண்ணு" என்றார். கத்தியை வைத்துவிட்டு வலது கையைத் திருப்பிப் பார்த்தார், உள்ளங்கையையும் புறங்கையையும். "அப்போ நான் சும்மா இருந்திருந்தாப் போதும்."

நான் மேஜையில் உதிர்ந்திருந்த ரொட்டித் தூளை விரலால் ஒதுக்கினேன்.

"அவர்கிட்டச் சொன்னப்போ என்னைக் கேக்கல நீ. இப்ப என்கிட்டச் சொல்றப்பவும் கேக்கல" என்றார். கோபமில்லை. "எனக்கு இது தெரிய வேணாம்னு இருந்தா?"

மறுபடியும் கத்தியை எடுத்து வெட்டினார். எப்போதும்போல மூன்றாவது தட்டுக்கும் இரண்டு துண்டு வெட்டிவிட்டு, அதை என் தட்டில் வைத்தார். நான் சாப்பிட்டேன்.

இது நடந்து நான்கு வருஷம் ஆகிறது. நாங்கள் இருவரும் அதே மாடியில்தான் இருக்கிறோம். வேண்டியதைப் பேசிக்கொள்கிறோம். கடையைப் பட்டி நடத்துகிறார். போனில் அவரும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார், ஃப்ரேம் அளவா கண்ணாடி அளவா என்று. அந்தத் தாள் அடுக்கை மட்டும் இடம் மாற்றிவிட்டார்.

போன மாதம் கடை வாசலுக்குப் பெயிண்ட் அடிக்க ஒருவர் வந்தார். வாசல் கண்ணாடியைப் படித்துவிட்டு, கடைசி எழுத்துக்குப் புள்ளி விட்டுப்போயிருக்கிறதே, வைத்துவிடவா என்று என்னைக் கேட்டார். தூரிகையில் சிவப்பு தயாராக இருந்தது. வேண்டாம் என்றேன். காலையில் இறங்கும்போதும் சாயங்காலம் ஏறும்போதும் பார்க்கிறேன்: 'அளவில் ஏற்கெனவே குறைத்திருந்தால் முதலில் சொல்லவும'. புள்ளி இல்லை.